எங்கே இருக்கீங்க? துரைப்பாக்கம்!

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சென்னை கண்ணகி நகர் இளைஞர்கள் பலர் முகவரியை ‘ஒக்கியம் துரைப்பாக்கம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதில் பொய் ஏதுமில்லை. கண்ணகி நகர் இருப்பது அங்கேதான். ஆனால் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் சில இடங்களில் நேர்காணல் அப்போதே முடிந்துவிடும். ராத்திரியில் அங்கே வர ஆட்டோவும் யோசிக்கும். இத்தனைக்கும் பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. அலுவலகங்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.

கண்ணகி நகர் தானாக முளைத்த சேரி அல்ல. அரசே திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், ஆரம்பத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டிக்கொடுத்தது. பிறகு நிலத்தின் விலை ஏறியது, ஏழைகள் நகரத்தின் ஓரத்துக்குப் போனார்கள். 2000 முதல் நீர்நிலைக் கரைகளிலும் நகரின் நடுவிலும் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்குக் கொண்டுவரப்பட்டன. முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூட இல்லை. மொத்தம் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள்!

வீடு கிடைத்தது, பிழைப்பு இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனது. நடந்தே போய்ப் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த பெண்களுக்கு, பஸ் கட்டணமே சம்பளத்தைத் தின்றது. பிள்ளைகள் பலர் பள்ளியைப் பாதியில் விட்டார்கள். வேலையில்லாத இளைஞர்களை இப்படி ஒரே இடத்தில் குவித்துவிட்டு, அங்கே கஞ்சா புழங்குகிறது, அடிதடி நடக்கிறது என்று ஆச்சரியப்படுவதுதான் வேடிக்கை. அக்கம்பக்கத்தில் திருட்டு நடந்தால் போலீஸ் முதலில் எங்களைத்தான் தேடி வரும் என்பது இங்குள்ளவர்களின் நெடுநாள் குமுறல்.

2020-ல் ஓவியர்கள் வந்து சுவர்களில் பிரம்மாண்டமான சித்திரங்கள் தீட்டினார்கள். படமெடுக்க வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் ஓவியத்தால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் இருந்த கார்த்திகாவை நாளிதழ்கள் ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்றே எழுதின. தமிழக அரசு அவருக்கு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. விண்ணப்பத்தில் ஒளித்துவைத்த பெயர் தலைப்புச் செய்தியில் வந்தது, அந்தப் பகுதிக்குப் பெரிய காரியம்.

ஆனால் இடம்பெயர்ப்பது கண்ணகி நகரோடு நிற்கவில்லை. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் படிப்பாண்டின் நடுவிலேயே பெயர்த்து, பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பழைய வேலை தொலைவில், பழைய பள்ளி தொலைவில். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அது. கனமழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கிறது.