மாடி வீட்டுக்காரர் வாடகை தரலைன்னா என்ன பண்ணணும்? பூட்டை மட்டும் மாத்தாதீங்க!

வாடகைக்கு விட்ட வீட்டைத் திரும்ப வாங்குறது எப்படிங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட். "நானே சென்னையில வாடகை கட்டிட்டு இருக்கேன், எனக்கு எதுக்கு இது?"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நம்மள்ல நிறைய பேர் வேலை பார்க்குற ஊர்ல வாடகைக்கு இருக்கோம், சொந்த ஊர்ல வீட்டுக்காரரோட பிள்ளைங்களா இருக்கோம். மதுரையில அண்ணா நகரோ, வில்லாபுரமோ, திருநகரோ... கீழ அப்பா அம்மா, மாடி போர்ஷன் வாடகைக்கு. ரிட்டயர் ஆனவங்களுக்கு அந்த வாடகைதான் மாத்திரைச் செலவு. அது நாலு மாசம் வரலைன்னா போன் நமக்குத்தான் வரும்.

அந்த போன்ல வழக்கமா ரெண்டு யோசனை இருக்கும். "மோட்டாரையும் கரண்ட்டையும் நிறுத்திடுவோமா?" இது ஒண்ணு. "அவங்க ஊருக்குப் போற நேரம் பார்த்துப் பூட்டை மாத்திடுவோமா?" இது இன்னொண்ணு.

ரெண்டுமே வேணாம். ஏன்னு சொல்றேன்.

இப்போ எந்தச் சட்டம்?

பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960-ல வந்தது. அதுக்குப் பதிலா தமிழ்நாடு அரசு 2017-ல ஒரு புதுச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22-லேர்ந்து நடைமுறைக்குக் கொண்டு வந்துச்சு. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ரெண்டு பேரோட உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துற சட்டம் இது.

இதுல 20-வது பிரிவு, தண்ணி, கரண்ட் மாதிரி அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுது. வாடகை பாக்கி இருந்தாலும்தான். நீங்க ஃபியூஸைப் பிடுங்கின நிமிஷம், புகார் கொடுக்க வேண்டிய நீங்க புகாருக்கு உள்ளானவர் ஆயிடுவீங்க. நாலு மாச பாக்கியைப் பத்தின பேச்சு பின்னால போயிடும்.

சரி, நேர்வழி என்ன? 21-வது பிரிவு. எந்தெந்தக் காரணத்துக்குக் காலி பண்ணச் சொல்லலாம்னு அதுல பட்டியல் இருக்கு. ரெண்டு மாச வாடகை பாக்கி இருந்து, முறையா நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாசத்துக்குள்ள கட்டலைன்னா, அது ஒரு காரணம். எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விட்டா, ஒரு காரணம். குடியிருக்கன்னு வாங்கிட்டு வேற விதமா தவறாப் பயன்படுத்தி, சொல்லியும் நிறுத்தலைன்னா, அதுவும் காரணம். இன்னொண்ணையும் கவனிங்க. எழுத்துல ஒப்பந்தமே போட முடியாமப் போனாக்கூட, அது ஒரு காரணமா பட்டியல்ல இருக்கு.

இதை எடுத்துட்டுப் போக வேண்டிய இடம் வாடகை நீதிமன்றம். போலீஸ் ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர்"னு திருப்பி அனுப்பினா, அவங்க தட்டிக் கழிக்கிறாங்கன்னு நினைக்காதீங்க. காலி பண்ணச் சொல்ற அதிகாரம் அவங்ககிட்ட இல்ல.

பதினோரு மாசக் குழப்பம்

"பதினோரு மாச அக்ரிமென்ட் போட்டிருக்கோமே, அது போதாதா?"ன்னு கேப்பீங்க. ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையை சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும்னு 1908-ம் வருஷப் பதிவுச் சட்டம் சொல்லுது. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இந்தப் பதினோரு மாசக் கணக்கு. புதுச் சட்டம் கேக்குற பதிவு வேற. எத்தனை மாசத்துக்குப் போட்டாலும் ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், அதை வாடகை அதிகாரிகிட்ட பதிஞ்சு ஒரு நம்பர் வாங்கணும். இதுக்குன்னு அரசோட இணையதளமே இருக்கு. இருபது ரூபாய் பத்திரத்துல டைப் அடிச்சு பீரோவுல வச்சிருக்கிற பேப்பர், தேவைப்படுற அன்னைக்குக் கை கொடுக்காது. சர்வர் விழுந்தப்புறம் லாக் எங்கன்னு தேடுற கதைதான்.

இன்னொரு பயம்: "பன்னெண்டு வருஷம் இருந்தா வீடு அவங்களுக்கே சொந்தம் ஆயிடுமாமே?" ஆகாது. அந்தப் பன்னெண்டு வருஷக் கணக்கு, உரிமையாளரை எதிர்த்து, "இது என் சொத்து"ன்னு வெளிப்படையா அனுபவிக்கிறவங்களுக்கு. உங்க அனுமதியோட வாடகை கொடுத்து இருக்கிறவர் அந்தக் கணக்குல வர மாட்டார். ஆனா அவர் வாடகைதாரர்தான்னு காட்ட ஆதாரம் வேணும். அதனால வாடகையைக் கையில வாங்காம பேங்க் வழியா வாங்கச் சொல்லுங்க.

கோயிலுக்கே வருஷக்கணக்கு ஆச்சு

நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் புதுமண்டபம். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிர்ல, திருமலை நாயக்கர் கட்டினது. தையல்கடை, புத்தகக்கடை, பாத்திரக்கடைன்னு நூத்துக்கணக்குல கடைங்க. உரிமையாளர் கோயில்ங்கிறதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது. 2018 பிப்ரவரி 2 ராத்திரி, கோயிலோட வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சுது. அப்புறம் கடைகளை எடுக்கணும்ங்கிற அழுத்தம் கூடுச்சு. ஆனாலும் புதுமண்டபம் மறுவாரமே காலியாகல. வழக்கு, பேச்சுவார்த்தை, மாற்று இடமா குன்னத்தூர் சத்திரத்துல மாநகராட்சி கட்டின கடைகள்... இதெல்லாம் தாண்ட வருஷக்கணக்கு ஆச்சு.

கோயில் சொத்துக்கு அறநிலையத்துறைச் சட்டம் தனி. அங்க இருந்தவங்களும் தகராறு பண்ண வந்தவங்க இல்ல, தலைமுறையா தையல் மெஷின் மிதிச்சவங்க. நான் இதைச் சொல்ற காரணம் வேற. இடம் யாரோடதுங்கிறது ஒரு கேள்வி, அதுல இப்போ இருக்கிறவரை எப்படி வெளிய அனுப்புறதுங்கிறது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தெரியும்ங்கிறதால ரெண்டாவதைத் தாண்டிக் குதிக்க முடியாது.

ஒத்தியா, வாடகையா?

மதுரைக்காரங்க இதைக் கண்டிப்பா கேளுங்க. நம்ம ஊர்ல ஒத்தி வழக்கம் ஜாஸ்தி. மொத்தமா சில லட்சம் கொடுத்துட்டு மாச வாடகை இல்லாம இருப்பாங்க, போகும்போது அந்தப் பணம் முழுசா திரும்ப வரணும். இது வாடகை கிடையாது. 1882-ம் வருஷச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்ற அனுபோக அடமானத்தோட சாயல்ல வர்றது. அப்படிப்பட்ட அடமானம்னா, நூறு ரூபாய் தொகையா இருந்தாலே பத்திரத்தைப் பதியணும், ரெண்டு சாட்சி வேணும். நம்ம ஆளுங்க அஞ்சு லட்சத்தையும் வெத்துப் பேப்பர்ல முடிச்சிடுறாங்க.

ஒத்திப் பணத்தைத் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்துச் செலவு பண்ணிட்டு, "காலி பண்ண மாட்டேங்கிறான்"னு சொல்ற வீட்டுக்காரங்களும் உண்டு. அங்க மாட்டிக்கிட்டு நிக்கிறது குடியிருக்கிறவரோட சேமிப்பு. பணத்தை எண்ணி வைக்காம சாவி வராது, கேக்குறதும் நியாயமில்ல.

அதனால இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது நாலு விஷயம் கேளுங்க. ஒப்பந்தம் எழுத்துல இருக்கா? பதிவு நம்பர் இருக்கா? வாடகை பேங்க்ல வருதா? அட்வான்ஸோ ஒத்தியோ, திருப்பிக் கொடுக்கப் பணம் தனியா இருக்கா? நாலுக்கும் "ஆமா"ன்னா, நாளைக்கே பிரச்னை வந்தாலும் வக்கீல்கிட்ட தைரியமா போகலாம். ஏதாவது ஒண்ணுக்கு "இல்ல"ன்னா, இப்போ இருக்கிறவங்க நல்லாப் பேசிட்டு இருக்கும்போதே சரி பண்ணிடுங்க. சண்டை வந்தப்புறம் யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.