நான் அருகம்புல்லைக் கொன்ற கதை

சங்கத்தில் எந்த விழா நடந்தாலும், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்று கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது இலையெல்லாம் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. என்ன உரம் போடலாம்?" ரயில்வேயில் 38 வருஷம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் இதைக் கேட்பானேன்? எங்கள் குடியிருப்பின் புல்தரை விவகாரம் வெளியே பரவிவிட்டதுதான் காரணம். பந்தியில் பாதியாகச் சொல்வதைவிட முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன். கறிவேப்பிலைக்கான பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நான் படித்தது சிவில் டிப்ளமோ. பார்த்த வேலை பெர்மனென்ட் வே. எங்களுக்கு மண் என்றால் பாரம் தாங்கும் பொருள், அவ்வளவுதான். ரயில் பாதைக்குக் கரை போடுவதற்கு முன் மேல்மண்ணை வழித்து எறிந்துவிடுவோம். அதில் வேரும் மக்கும் இருக்கும், நாளைக்கு உள்வாங்கும் என்ற பயம். பிறகு அடுக்கடுக்காக மண்ணைக் கொட்டி, அளவாக நீர் தெளித்து, உருளை ஓட்டி, ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் உச்ச அடர்த்தியில் 98 சதவீதம் வரும்வரை இறுக்குவோம். மண்ணில் உயிர் இருந்தால் அது எங்கள் கணக்கில் குறை. இந்தப் புத்தியோடுதான் 2019இல் ஓய்வு பெற்று, யமுனைக்குக் கிழக்கே ஒரு குடியிருப்பில் வந்து சேர்ந்தேன்.

அங்கே நடுவில் 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் ஒரு புல்தரை. மாலையில் பிள்ளைகள் விளையாடுவதும் பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்காருவதும் அங்கேதான். ரிடையரான ஆள் சும்மாதானே இருக்கிறார் என்று அதைப் பராமரிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். வடக்கே 'தூப்' என்று சொல்லும் அந்தப் புல் வேறு ஒன்றுமில்லை. பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்தான்.

2022 ஜனவரியில் புல் முழுவதும் பழுப்பாகிவிட்டது. பசி என்று முடிவு செய்தேன். பத்து கிலோ யூரியா வாங்கிவந்தேன். தோட்டக்காரர், பீகார்க்காரர், அனுபவஸ்தர், தலையைச் சொறிந்துகொண்டே, "சாப், ஜாடே மே தூப் ஸோ ஜாதீ ஹை" என்றார். நம் காதுக்குப் புல்லைக் குறிக்கும் 'தூப்'பும் வெயிலைக் குறிக்கும் 'தூப்'பும் ஒன்றுதானே! குளிர்காலத்தில் வெயில் தூங்கிவிடுகிறது என்று ஏதோ கவித்துவமாகச் சொல்கிறார் என நினைத்து, "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு, பனியில் நனைந்திருந்த புல்லின் மேல் அத்தனையையும் தூவச் சொன்னேன். அவர் சொன்னது, குளிரில் புல் தூங்குகிறது என்று. அருகு வெப்பநாட்டுப் புல். தில்லிக் குளிரில் மேலே காய்ந்து, கீழே கிழங்கில் உயிரை வைத்துக்கொண்டு மார்ச் வரை உறங்கும். தூங்குகிறவன் வாயில் சோற்றைத் திணித்த கதையாகிவிட்டது.

அளவும் தப்பு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. வளரும் பருவத்திலேயே சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து போதும். 200 சதுர மீட்டருக்கு இரண்டே கால் கிலோ யூரியா கணக்கு. நான் போட்டது அதைப்போல நாலு மடங்குக்கு மேல். அதோடு விட்டேனா? தரை மேடு பள்ளமாக இருக்கிறதே என்று பக்கத்து மைதானத்திலிருந்து கிரிக்கெட் உருளையை இரவல் வாங்கி, ஈர மண்ணின் மேல் இரண்டு நாள் உருட்ட வைத்தேன். பழக்க தோஷம்.

மார்ச் வந்தது. மற்ற இடங்களில் எல்லாம் புல் துளிர்த்தது. எங்கள் தரையில் பாதிக்கு மேல் வெறும் மண். மிச்சத்தில் வெளிறிய மஞ்சள். ஏப்ரல் பொதுக்கூட்டத்தில், "இனி இது சரிப்படாது, சிமென்ட் டைல்ஸ் போட்டுவிடலாம், கார் நிறுத்தவும் இடம் ஆகும்" என்று தீர்மானம் வந்தது. மே மாதத்துத் தில்லியில் சிமென்ட் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியுமா? பிள்ளைகள் எங்கே போவார்கள்? கெடுத்தவன் நான் என்பதை ஒப்புக்கொண்டு, அக்டோபர் வரை அவகாசம் கேட்டேன். கொடுத்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள்.

முதல் வேலையாகத் தோண்டிப் பார்த்தேன். ஆறு அங்குலத்துக்குக் கீழே செங்கல் துண்டு, உதிர்ந்த பூச்சு, சுண்ணாம்பு, சிமென்ட் கட்டி. கட்டடம் கட்டியவர்கள் மிச்சத்தையெல்லாம் அங்கேயே தள்ளி மேலே கொஞ்சம் மண்ணைப் பரப்பியிருக்கிறார்கள். ஒரு கைப்பிடி மண்ணில் சமையல் வினிகரை ஊற்றினேன்; சோடா போலப் பொங்கியது. மண்ணில் சுண்ணாம்பு இருப்பதற்கு அதுதான் அடையாளம். நீங்களும் உங்கள் தொட்டி மண்ணில் செய்து பார்க்கலாம். ஆய்வகத்தில் கொடுத்தபோது கார அமில நிலை 8.4, சுண்ணாம்பு 4 சதவீதம், அங்கக கரிமம் 0.3 சதவீதம் என்று வந்தது. நம் நாட்டு அளவுகோலில் கரிமம் 0.5க்குக் கீழே என்றால் ஏழை மண்.

இந்த 8.4 என்பதுதான் மஞ்சள் இலையின் ரகசியம். மண்ணில் இரும்புக்கா பஞ்சம்? நான் தோண்டியெடுத்த செங்கல் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். ஆனால் காரத்தன்மை ஓர் எண் ஏறினால், நீரில் கரைந்து கிடைக்கும் இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இரண்டு எண் ஏறினால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சாப்பாடு அலமாரியில் நிறைய இருக்கிறது, பூட்டுத்தான் திறக்கவில்லை. பச்சையம் உண்டாக இரும்பு வேண்டும் என்பதால் இளம் இலை வெளுக்கிறது. யூரியா போட்டால் இந்தப் பூட்டு திறக்காது. போதாக்குறைக்கு, கார மண்ணின் மேல் கிடக்கும் யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றில் போய்விடுகிறது.

எங்கள் கமிட்டியில் ஒருவர், "கர்னாலில் ஜிப்சம் போட்டுத்தானே நிலத்தைத் திருத்தினார்கள், நாமும் போடலாமே" என்றார். நல்ல கேள்வி. பானிப்பட் – அம்பாலா பாதையில் நான் வேலை பார்த்த காலத்தில், பழைய ஆட்கள் அந்தக் களர் நிலங்களைப் பற்றிச் சொல்வார்கள். வெள்ளை பூத்து, புல் பூண்டு முளைக்காமல் கிடந்தவையாம். 1969இல் கர்னாலில் தொடங்கிய மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு வழி சொன்னது. அங்கே எதிரி சோடியம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் களிமண்ணிலிருந்து சோடியத்தைத் தள்ளிவிட, தேக்கிய நீர் அதைக் கீழே கொண்டுபோகும். பிறகு நெல், தக்கைப்பூண்டு என்று போட்டு மண்ணைத் தேற்றுவார்கள். எங்கள் மண்ணில் சோடியம் அதிகம் இல்லை. கால்சியம்தான் வேண்டிய மட்டும் இருக்கிறதே! மஞ்சள்காமாலைக்காரருக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தது போலாகும்.

கந்தகம் போடலாம் என்றார் இன்னொருவர். மண்ணில் உள்ள ஒருவகை பாக்டீரியா கந்தகத்தைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். ஆனால் ஒரு கிலோ கந்தகம் மூன்று கிலோ சுண்ணாம்பைத்தான் சமாளிக்கும். எங்கள் தரையின் மேல் அரையடி மண் 40 டன்னுக்குக் குறையாது. அதில் 4 சதவீதம் சுண்ணாம்பு. கணக்குப் போட்டால் அரை டன்னுக்கு மேல் கந்தகம். கைவிட்டோம்.

அப்படியானால் என்னதான் வழி? இங்கேதான் என் பழைய வேட்டி உதவிக்கு வந்தது. தூய பருத்தி என்பது மண்ணில் உள்ள உயிர்களுக்கு ஆகாரம். அதை எவ்வளவு வேகமாகத் தின்கின்றன என்பதே மண்ணின் உயிரோட்டத்துக்கு அளவு. ஒரே வேட்டியிலிருந்து இரண்டு துண்டு கிழித்து, ஒன்றைப் புல்தரையிலும் இன்னொன்றை மூலையில் வேப்பமரத்தடி மண்ணிலும் ஏப்ரல் கடைசியில் நாலு அங்குல ஆழத்தில் புதைத்தேன். இரண்டுக்கும் ஒரே அளவு நீர். "ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் மனைவி. இரண்டு மாதம் கழித்துத் தோண்டினேன். புல்தரைத் துண்டு துவைத்தால் கட்டிக்கொள்ளலாம் போல வந்தது. வேப்பமரத்தடியில் கரை மட்டும் நூல் நூலாக மிஞ்சியிருந்தது. அந்த மரத்தடியில் இருபது வருஷமாக இலை உதிர்ந்து மக்கியிருக்கிறது. யாரும் உருளை ஓட்டவில்லை.

நல்ல மண் ஒரு கிராமில் நூறு கோடி பாக்டீரியா வரை இருக்கலாம். முதல் மழைக்கு எழும் மண்வாசனையில் முக்கியமான பங்கு, ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற இனத்து நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுடையது. காசநோய்க்கு 1943இல் கண்டுபிடித்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் அதே குடும்பம்தான். யூரியாவையும் எருவையும் செடி நேராகச் சாப்பிடுவது பெரும்பாலும் இல்லை. ஒரு கூட்டம் அதை அம்மோனியமாக்க, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டாக்க, மூன்றாவது கூட்டம் நைட்ரேட்டாக்க, பிறகு வேர் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கைமாற்றத்தை 1890 வாக்கில் விளக்கியவர் விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர். பூட்டிக் கிடக்கும் இரும்பைக் கவ்விப் பிடித்துக் கரைக்கும் பொருள்களையும் நுண்ணுயிர்கள் வெளியிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அவற்றுக்குக் காற்று வேண்டும். நல்ல மண்ணில் பாதி இடம் வெற்றிடமாக இருந்து காற்றும் நீரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நான் உருளை ஓட்டி மூடியது அந்தப் பாதியைத்தான். காற்றில்லாத ஈர மண்ணில் வேறு பாக்டீரியாக்கள் தலையெடுத்து, நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைச் சுவாசித்து, தழைச்சத்தை வாயுவாக வெளியே விட்டுவிடும். போட்ட உரமும் போச்சு.

ஆக, ஏப்ரலிலேயே உதிர்ந்த இலைகளைக் குழியில் சேர்க்கத் தொடங்கினோம். சர் ஆல்பர்ட் ஹோவார்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது வகுத்த முறை அது. காய்ந்த இலை, சாணம், காய்கறிக் கழிவு, கொஞ்சம் சாம்பல், ஈரம், அவ்வப்போது கிளறல். மூன்று மாதத்தில் கம்போஸ்ட். காய்ந்த இலையோ மரத்தூளோ நேராக மண்ணில் கலக்கக்கூடாது. அதை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ளும். ஜூலையில் மழை பிடித்ததும் தரை முழுவதும் முள்கரண்டியால் அரையடி ஆழத்துக்குத் துளையிட்டு, சலித்த கம்போஸ்ட்டைக் கால் அங்குலத்துக்குப் பரப்பிக் கூட்டிவிட்டோம். போதாததை விலைக்கு வாங்கினோம். யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட், இரண்டு தடவையாக, தடவைக்கு இரண்டரை கிலோ, மழைக்குச் சற்று முன். அது வேரைச் சுற்றிக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டாக்கும். வெட்டிய புல்லை வாரிக் கொட்டாமல் அங்கேயே விட்டோம். உருளையைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

அருகின் கிழங்குகள் முழுவதும் சாகவில்லை. ஆகஸ்டில் ஓடு கொடிகள் வெறும் மண்ணைப் பிடிக்க ஆரம்பித்தன. அக்டோபர் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு பச்சை. மிச்சம் தேறவில்லை, பால் பூத்துக்குக் குறுக்கே போகிறவர்கள் மிதித்த வழி அது. அந்த ஒரு மீட்டர் அகலத்துக்கு டைல்ஸ் போட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். மிதிபடுகிற இடத்தில் எந்த விஞ்ஞானமும் செல்லாது. தீர்மானம் அந்த அளவோடு நிறைவேறியது. 2023 ஜூனில் அதே புல்தரையில் புதைத்தெடுத்த அடுத்த வேட்டித் துண்டு, கையில் எடுத்ததும் பிய்ந்துவிட்டது.

இனி கறிவேப்பிலை. நம் வீடுகளில் பலரும் செய்யும் தப்பு, ஆர்.ஓ. மெஷின் தள்ளும் கழிவு நீரை வீணாக்கக்கூடாதென்று தொட்டியில் ஊற்றுவது. உப்பும் காரமும் திரண்ட நீர் அது. வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். வினிகரில் பொங்கும் மண்ணாக இருந்தால் மாற்றி, மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு கலந்து நடுங்கள். உடனடி நிவாரணத்துக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம்; பதினைந்து நாள் விட்டு இன்னொரு முறை. அன்னபேதியைச் சுண்ணாம்பு மண்ணில் போட்டால் சீக்கிரமே துருவாகிப் பயனற்றுப் போகும். தெளித்த இலைகளைப் பறித்தால் நன்றாகக் கழுவிச் சமையுங்கள். டிசம்பர், ஜனவரியில் எந்த உரமும் வேண்டாம். அதுவும் தூங்கும்.

புளித்த மோர் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஊற்றலாம், உப்புப் போடாததாக, நீர் விளாவி. அதில் உள்ள லாக்டிக் அமிலம் கொஞ்ச நேரத்துக்கு இரும்பைக் கரைத்துப் பிடித்துத் தரும், நுண்ணுயிர்களுக்கும் தீனி. ஆனால் மண்ணில் சுண்ணாம்பு நிறைய இருந்தால் மோர் மட்டும் போதாது. எங்கள் வீட்டுச் செடிக்கு நான் அன்னபேதியும் அவள் மோரும் கொடுத்தோம். கருகருவென்று தளிர் விட்டிருக்கிறது. யாரால் என்பதில் இன்னும் உடன்பாடு எட்டவில்லை.

ஒவ்வொரு ஜனவரியிலும் புல் பழுப்பாகும்போது யாராவது யூரியாவோடு வந்துவிடுகிறார்கள். அதனால் டிசம்பரில் ஒரு பலகை எழுதி மாட்டிவிடுகிறேன், தோட்டக்காரர் சொன்ன அதே வாக்கியத்தை, ஹிந்தியில், எழுத்துப் பிழையில்லாமல்.