கடலில் மிதக்கும் நூலிழை

செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்துக்குப் போனால் கடற்கரையிலிருந்து என்ன கொண்டு வருவோம்? கிளிஞ்சல், சோழி, குழந்தைக்கு ஒரு சங்கு மாலை! ஆனால் கடல் நீரையே கண்ணாடிச் சீசாவில் முகந்து செல்கிறவர்களும் நம் கடலோரத்தில் உண்டு.

அவர்கள் தேடுவது 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகளை. 2004-இல் இங்கிலாந்து விஞ்ஞானி ரிச்சர்ட் தாம்ஸன் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 'நுண் பிளாஸ்டிக்' என்ற பெயர் பிரபலமாயிற்று. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் நம் கரைகளில் இதை ஆராய்ந்து வருகிறது.

சோதனைச் சாலை உதவியாளரின் வேலை ஏறக்குறைய சமையலறை வேலைதான். நீரைச் சல்லடையில் வடிகட்ட வேண்டும். ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேர்த்தால் பாசியும் சருகும் சிதைந்துவிடும். உப்புக் கரைசலில் முட்டை மிதப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோல உப்பைக் கூட்டினால் மணல் அடியில் தங்கும். பல துணுக்குகள் மேலே மிதக்கும். அவற்றை வடிதாளில் ஏந்தி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ண வேண்டும்.

இதில் பெரிய தொல்லை எது தெரியுமா? உடுத்தியிருக்கும் உடை! நைலான், பாலியெஸ்டர் புடவையிலிருந்து இழை உதிர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஆகவே பருத்தி மேலங்கி அணிகிறார்கள். பக்கத்தில் சுத்த நீரைத் திறந்து வைத்து, அறைக் காற்றிலிருந்து எத்தனை இழை விழுந்தது என்றும் பார்க்கிறார்கள்.

அந்த இழைகள் நம் வீட்டிலும் ஒவ்வொரு சலவையிலும் உதிர்ந்து, சாக்கடை வழியே கடலுக்குப் போகின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. புடவைக்குத் தடை போட முடியுமா?

செயற்கைத் துணிகளை வெந்நீரில் போடாமல், சேர்த்து வைத்து மொத்தமாகத் துவையுங்கள். அங்கே எண்ணுகிற பெண்ணுக்குச் சில இழைகளாவது குறையட்டும்!