முன்மாரியும் பின்மாரியும்



திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே கடலை அண்டிக் கிடக்கும் சிற்றூர் கோமாரி. அவ்வூர் மக்களுக்குக் காத்திருத்தல் புதிய பாடமன்று. வாடைக்காற்று வீசும் மாரியிலே கடல் கொந்தளிக்கும். கரைவலைத் தோணிகள் மணலில் ஏறிக் கிடக்கும். கச்சான் வீசும் கோடையிலோ நிலம் வெடிக்கும். வேளாண்மை செய்வோன் வானத்தை நோக்கி நிற்பான். துன்ப காலத்துப் பொறுமையைக் கிறித்தவ மறை எவ்வாறு விளக்குகின்றது என்பதை அறிய இக்கரையே நமக்கு ஏற்றதொரு பாடநூலாகும்.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம், பொறுமைக்கு உழவனையே உதாரணமாகக் காட்டுகின்றது. அவன் முன்மாரியும் பின்மாரியும் வருமளவும் விளைவுக்காகக் காத்திருக்கின்றான். பலஸ்தீன நாட்டில் முன்மாரி விதைப்புக்கு நிலத்தை இளக்கும். பின்மாரி கதிரை முற்றச் செய்யும். முன்மாரி என்னுஞ் சொல் நம் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களிலும் வழங்கும் சொல்லேயாதலின், இவ்வுவமையை நமக்கு எவரும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. காத்திருக்கும் உழவன் கைகட்டி இருப்பதில்லை. வரம்பு கட்டுகின்றான், களை பிடுங்குகின்றான், யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிப் பரண்மீது இரவெல்லாம் விழித்திருக்கின்றான். தன்னால் இயன்றதைச் செய்து, தன்னால் இயலாத மழையை மாத்திரம் இறைவனிடம் விடுகின்றான். விசுவாசம் என்பதன் எல்லை இதுவே.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்திலே பொறுமைக்கு இரு சொற்கள் உள. பிறர் செய்யும் குற்றத்தைச் சினவாது தாங்குதல் ஒன்று; சுமை அழுத்தும்போது அதன்கீழ் நிலைபெயராது நிற்றல் மற்றொன்று. வள்ளுவரும் பொறையுடைமை என ஓர் அதிகாரமும், இடுக்கணழியாமை எனப் பிறிதோர் அதிகாரமும் வகுத்தமை ஈண்டு எண்ணத்தக்கது. நம் அயலவராகிய முஸ்லிம் மக்கள் இதனை ஸபூர் என்பர். யோபு எனக் கிறித்தவர் போற்றும் பெரியாரையே அவர்கள் அய்யூப் நபி எனப் போற்றுகின்றனர்.

இந்நிலைபேறு இக்கரையிற் கடுமையாகச் சோதிக்கப்பட்ட நாள் ஒன்றுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிகழ்ந்த பெருநில நடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அழித்தது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் அம்பாறையே மிகுந்த உயிர்களை இழந்தது. சாதியும் சமயமும் நோக்காது அலை யாவரையும் வாரிச் சென்றது.

2005 சனவரியிற் பாடசாலை மீண்டும் தொடங்கியபோது, வரவுப் பதிவேட்டை விரித்த ஆசிரியருள் யானும் ஒருவன். ஒரு பெயரை அழைத்தேன், விடையில்லை. பின்வாங்கிலில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "சேர், அவன் இனி வரமாட்டான்" என்றான். சில நாள்களின் பின் அவனே என்னிடம் வந்து, "நாங்கள் செய்த பாவத்துக்காகவா கடவுள் இப்படிச் செய்தார்?" என வினவினான். பெரியவர் ஒருவர் அவனிடம் அவ்வாறு கூறியிருந்தார். அன்று எனக்கு விடை கூறத் தெரியவில்லை.

பின்னர் யோபுவின் ஆகமத்தை ஆற அமரப் படித்தேன். மக்கள் பதின்மரையும் செல்வத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்தவன் யோபு. அவனைக் காண வந்த நண்பர் ஏழு நாள் இரவும் பகலும் வாய்திறவாது உடன் அமர்ந்திருந்தனர். அதுவே அவர்கள் செய்த நற்செயல். வாய்திறந்து, உன் பாவமே உன் துன்பத்துக்குக் காரணம் என வாதிட்டபோதே அவர்கள் தவறினர். யோபுவோ ஓலமிட்டான்; தான் பிறந்த நாளைச் சபித்தான்; இறைவனையே வழக்குக்கு அழைத்தான். எனினும், ஈற்றில் இறைவன் கடிந்துகொண்டது அந்நண்பரையே. ஆதலின், அழுகை விசுவாசக் குறைவு ஆகாது. இறைவனை நோக்கி அழுபவன் அவரை விட்டு நீங்கினவனல்லன். சங்கீதங்கள் நூற்றைம்பதிற் பல புலம்பலாக அமைந்திருத்தலும் இதனாலேயே.

உரிமையைக் கைவிடுதலும் பொறுமையாகாது. அலையின் பின்னர்க் கிழக்கிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விதி தளர்த்தப்பட்டது. இடையிற் கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் காத்திருந்தோர் பலர். கடதாசிக் கட்டுடன் அலுவலகப் படிகளில் ஏறியிறங்கிய கைம்பெண்களை யாம் கண்டோம். லூக்காவின் சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் இயேசு கூறிய உவமையிலும் ஒரு கைம்பெண் வருகின்றாள். நீதியற்ற நடுவனிடம் ஓயாது சென்று அவள் தன் நியாயத்தைப் பெறுகின்றாள். சோர்ந்துபோகாமல் மன்றாடுவதற்கு இயேசு அவளையே எடுத்துக்காட்டினார்.

விளைவைக் காணாது விதைத்தோரும் உளர். 1814இல் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்குக் கடற்பயணம் செய்தபோது, அவர்தம் தலைவர் தோமஸ் கோக் நடுக்கடலில் மாண்டார். அவருடன் புறப்பட்ட வில்லியம் ஓல்ட் கப்பற் பயணத்திலேயே மனைவியை இழந்தார். அவ்விழப்புடன் மட்டக்களப்பை அடைந்து, பள்ளிகளைத் தொடங்கி, ஓராண்டு நிறையுமுன் 1815இல் தாமும் மறைந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிலிருந்தே எண்ணுகின்றது. விதைத்தவர் ஒருவர், இரு நூற்றாண்டுகளாக அறுத்தோர் பல்லாயிரவர்.

அச்சிறுவனுக்கு இன்று விடை கூறுவதாயின் யான் கூறுவது இதுவே: "தம்பி, அலை ஏன் வந்தது என்பதற்கு நிலநூலார் காரணம் கூறுவர். உன் தோழன் ஏன் மாண்டான் என்பதற்கு எவரிடமும் விடையில்லை. விடையுண்டு என்பாரை நம்பாதே. இறைவன் யோபுவுக்கும் காரணம் உரைக்கவில்லை. ஆயினும் அவனைத் தனியே விடவுமில்லை. அழுவதாயின் அவரிடமே அழு. அழுது முடித்தபின் வரம்பைக் கட்டு. மழை அவர் கையில் உள்ளது."