வானதூதர் அகன்ற பிறகு

அச்சம் வந்துவிட்டால் நம் விசுவாசம் குறைந்துவிட்டது என்று பலரும் வருந்துகிறோம். நாசரேத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். கபிரியேல் தூதரின் வாழ்த்தைக் கேட்டு மரியா கலங்கினார் என்றுதான் லூக்கா எழுதுகிறார். கலங்கியவர், இது எப்படி நிகழும் என்று கேட்டார். விடை கிடைத்ததும் தம்மை முழுவதும் கையளித்தார்.

ஆபத்து அதோடு தீரவில்லை. மண ஒப்பந்தமான பெண் தவறியதாகத் தெரிந்தால் மோசேயின் சட்டம் கல்லெறிந்து கொல்லச் சொன்னது (இணைச்சட்டம் 22). அந்த நிலையில்தான் வானதூதர் அவரைவிட்டு அகன்றார் (லூக்கா 1:38). அதன்பின் வானதூதர் ஒருவர் மரியாவிடம் பேசியதாக நற்செய்திகளில் எங்கும் இல்லை. எகிப்துக்குத் தப்பியோடச் சொன்ன செய்திகூட யோசேப்பின் கனவில்தான் வந்தது (மத்தேயு 2:13). ஒருமுறை கேட்ட வாக்கைப் பற்றிக்கொண்டே அன்னை கல்வாரி வரை நடந்தார்.

மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் இரவில் நமக்கும் வானதூதர் வருவதில்லை. ஆனால் திருமுழுக்கில் பெற்ற வாக்குறுதி இருக்கிறது. நமக்காக மன்றாட ஓர் அன்னை இருக்கிறார். அச்சம் நீங்கட்டும், பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அச்சத்தோடே செபமாலையை எடுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை. ஆமென்.