மோட்டார் ஹோமில் எது எதில் ஓடுகிறது?

அமெரிக்காவில் கோடை விடுமுறைக்கு மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கிளம்பும்முன் இருக்கும் பயம் ஒன்றுதான்: அவ்வளவு பெரிய வண்டியை எப்படி ஓட்டுவது? அது அரை நாளில் கைக்குப் பழகிவிடும். பயணத்தைக் கெடுப்பது வேறு. இரண்டாம் நாளே பால் திரிந்துபோகும். நள்ளிரவில் ஹீட்டர் நின்று பிள்ளைகள் குளிரில் விழித்துக்கொள்வார்கள். ரைஸ் குக்கரைப் போட்டதும் கரண்ட் போய்விடும். வண்டி பழுது என்று நினைத்து வாடகைக்காரருக்குப் போன் போடுவார்கள். பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. எந்தச் சாதனம் எதில் ஓடுகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்ட். மோட்டார் ஹோமில் மூன்று வழிகள். முகாம் மைதானத்துக் கம்பத்தில் கேபிளைச் செருகினாலோ ஜெனரேட்டரைப் போட்டாலோ வரும் 120 வோல்ட் ஒன்று. வண்டியிலேயே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இன்னொன்று. மூன்றாவது புரொப்பேன் கேஸ். ஏ.சி.யும் மைக்ரோவேவும் 120 வோல்ட் இருந்தால்தான் ஓடும். விளக்கும் தண்ணீர் பம்பும் பேட்டரியில். அடுப்பு கேஸில். பிரிட்ஜும் வாட்டர் ஹீட்டரும் பல வண்டிகளில் கேஸிலும் ஓடும், 120 வோல்ட்டிலும் ஓடும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கேஸில் ஓடுகிற சாதனத்துக்கும் பேட்டரி வேண்டும். அறையைச் சூடாக்கும் ஹீட்டர் கேஸைத்தான் எரிக்கிறது. ஆனால் அந்தச் சூட்டை ஊதி உள்ளே தள்ளும் ஃபேன் 12 வோல்ட்டில் ஓடுகிறது, 7, 8 ஆம்பியர் இழுக்கிறது. பிரிட்ஜில் கேஸ் வால்வைத் திறப்பதும் பொறி கொடுத்துப் பற்றவைப்பதும் 12 வோல்ட் சர்க்யூட் போர்டுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கைவசம் இருப்பது 50. குளிர் இரவில் அந்த ஃபேன் பாதி நேரம் ஓடினாலே எட்டு மணி நேரத்தில் 30 போய்விடும். சாயங்காலம் விளக்கெல்லாம் எரியவிட்டு, எல்லோரும் போன் சார்ஜ் போட்டிருந்தால் மீதியும் போயிற்று. சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கும், ஹீட்டர் நின்றுவிடும்.

யெல்லோஸ்டோனில் இப்படி மாட்டிக்கொள்வது எளிது. அந்தப் பூங்காவில் மோட்டார் ஹோமுக்குக் கரண்ட் இணைப்பு தரும் முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். மற்ற முகாம்களில் பேட்டரியையும் கேஸையும் நம்பித்தான் இருக்க வேண்டும். ஏரிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,350 மீட்டர் உயரம். நடுக்கோடையிலும் இரவில் நல்ல குளிர். ஜெனரேட்டர் போட அனுமதிக்கும் முகாம்களிலும் இரவில் போட முடியாது. எனவே அனுமதி நேரம் முடியுமுன் ஓரிரு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டிப் பேட்டரியை ஏற்றிக்கொள்ளுங்கள். ஹீட்டரை வீட்டில் வைப்பதைவிடக் குறைத்து வைத்து, கம்பளியைக் கூடுதலாக எடுத்துப் போங்கள்.

இனி பிரிட்ஜ். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த சாதனம் இதுதான். அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். புதிய வண்டிகள் சிலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரசர் பிரிட்ஜ் வருகிறது. அதற்கு, வண்டி சாய்ந்து நின்றால் கெட்டுவிடுமோ என்ற கவலை இல்லை. கேஸில் ஓடும் வகையில் கம்ப்ரசரே கிடையாது, ஓடுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. தீயை வைத்துக் குளிரை உண்டாக்கும் இந்த முறையை 1922இல் ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சார் ஃபோன் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். பின்புறத்தில் மூடி அடைத்த குழாய்களுக்குள் அம்மோனியா கலந்த தண்ணீரும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. அடியில் சின்னச் சுடர் அந்தக் கலவையைக் கொதிக்க வைக்கிறது. அம்மோனியா ஆவியாகி மேலே போய், அங்கே சூடு தணிந்து திரவமாகிறது. அது ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் இறங்கியதும் சட்டென்று மறுபடி ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பிரிட்ஜுக்குள்ளிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் உள்ளே குளிர்கிறது. கடைசியில் அம்மோனியாவைத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு அடிக்கு வந்து சேர, எல்லாம் திரும்ப ஆரம்பமாகிறது.

இவ்வளவும் நடப்பது புவியீர்ப்பால். திரவம் தன் போக்கில் வழிந்து கீழே வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் வழியில் எங்கேயாவது தேங்கிவிடும். அடியில் திரவம் குறைய, சுடர் வெறும் குழாயைக் காய்ச்சும். குழாய் துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்திருக்கும் சோடியம் குரோமேட் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பை எடுக்க முடியாது; ஒவ்வொரு முறை சாய்த்து நிறுத்தும்போதும் அடைப்பு இன்னும் கொஞ்சம் சேரும். பல மாடல்களில் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரைதான் தாங்கும். ஓடும் வண்டி குலுங்கிக்கொண்டே இருப்பதால் திரவம் தேங்குவதில்லை. நிறுத்தி வைக்கும்போதுதான் ஆபத்து.

ஆகவே முகாமில் நின்றதும் முதல் வேலை மட்டம் பார்ப்பது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் சின்னதாக ஒன்று வாங்கி, ஃப்ரீசர் தளத்தில் ஒரு முறை நீளவாக்கிலும் ஒரு முறை குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். குமிழி நடுக்கோடுகளுக்குள் வரும்வரை சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுங்கள். பிறகு பிரிட்ஜைப் போடுங்கள்.

இந்த பிரிட்ஜ் மெதுவாகத்தான் குளிரும். கிளம்புவதற்கு முந்தின நாளே போட்டுவிட வேண்டும். சூடான சாம்பாரை உள்ளே வைத்தால் அது குளிர ராத்திரி முழுக்க ஆகும், பக்கத்தில் இருக்கும் தயிரும் கெடும். வீட்டிலேயே குளிர வைத்ததை ஏற்றுங்கள். காற்று ஓட இடம் விடுங்கள். இன்னொன்று, 1,700 மீட்டருக்கு மேலே போனால் காற்று மெலிந்து கேஸ் சுடர் தளரலாம், அணையவும் அணையலாம். கரண்ட் இணைப்பு இருக்கிற இடத்தில் 120 வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். பெட்ரோல் போடப் பங்க்குக்குள் நுழையும்முன் கேஸில் எரியும் எல்லாவற்றையும் அணைத்தே தீர வேண்டும்.

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்பக்க மூடியைக் கழற்றிப் பர்னரைப் பாருங்கள். சுடர் நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் துருத்தூளோ சிலந்திக் கூடோ அடைத்திருக்கும். புரொப்பேன் வாடைக்குச் சிலந்தி வந்து கூடு கட்டுவது இந்த வண்டிகளில் சர்வ சாதாரணம். குழாய்ப் பக்கம் மஞ்சள் படிவு தெரிந்தாலோ, உள்ளே அம்மோனியா நெடி அடித்தாலோ கசிவு என்று அர்த்தம். உடனே அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரையும் வெளியே அழைத்துப் போங்கள். அதை ஒட்டிச் சரிசெய்து ஓட்டுவது தப்பு. குளிர்விக்கும் பகுதியையே மாற்ற வேண்டும்.

கம்பத்துக் கரண்டுக்கும் அளவு உண்டு. 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி. ஒன்றே 13 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். வாட்டர் ஹீட்டர் கரண்டில் இருந்தால் 12. அதோடு மைக்ரோவேவைப் போட்டால் பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? சமைக்கும்போது வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றுங்கள். ரைஸ் குக்கருக்கு அந்த 12 ஆம்பியர் போதும்.

வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் இல்லாமல் கரண்ட் சுவிட்சைப் போட்டால் காயில் உடனே கருகிவிடும். சமையலறைச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்றுத் துப்பாமல் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்தபிறகே போடுங்கள். இரும்புத் தொட்டி வகையில் உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதில் தான் அரிக்கப்படுவதற்காக வைத்தது அது. முக்கால்வாசி கரைந்ததும் புதிதாக மாற்றுங்கள். கழற்றும்முன் தண்ணீர் ஆறியிருக்கட்டும், அழுத்தத்தையும் விட்டுவிடுங்கள்.

கேஸ் கசிவைக் காட்டும் அலாரம் தரையை ஒட்டி இருப்பதற்குக் காரணம், புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தங்கும். அதன்முன் செருப்பையும் பையையும் குவிக்காதீர்கள். பின்பக்கம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

உறைபனிக் காலத்துக்கு வண்டியை நிறுத்தும்முன் தண்ணீரை எல்லாம் வடித்துவிட்டு, குழாய்களில் இளஞ்சிவப்பு நிற ஆன்டிஃப்ரீஸ் ஓட்டுங்கள். வாட்டர் ஹீட்டரின் பைபாஸ் வால்வை முதலில் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் 20 லிட்டருக்கு மேல் அந்தத் தொட்டிக்கே போய்விடும். பிரிட்ஜை அணைத்து, துடைத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கதவை லேசாகத் திறந்து வையுங்கள். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.