மஞ்சாவின் உச்சம் எந்தப் பதிவில் ஒலிக்கும்?

இசைத்தட்டின் ஒலி சிறந்ததா, டிஜிட்டல் எனப்படும் இலக்கமுறை ஒலி சிறந்ததா என்ற வாதம் பெரும்பாலும் மேலைநாட்டு இசையையோ திரைப்பாடலையோ முன்வைத்தே நடைபெற்று வருகிறது. ஆனால் அதற்குத் தகுந்த உரைகல் ஒன்று இலங்கையின் புத்தளம் நகரை அடுத்துள்ள சிறாம்பியடியில் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலம் முதல் ஆங்கிலேயர் காலம் வரை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கின்றனர். இலங்கையில் காப்பிரி என அழைக்கப்படும் அவர்களுடைய மஞ்சா இசையில், கிரியோல் எனப்படும் போர்த்துக்கேயக் கலப்புமொழியில் அமைந்த சில அடிகள் திரும்பத் திரும்பப் பாடப்பட, றபானும் டோலக்கும் தாளம் கொடுக்க, சிரட்டைகளும் கரண்டியால் தட்டப்படும் கண்ணாடிப் போத்தல்களும் உடன் ஒலிக்க, மெதுவாகத் தொடங்கும் பாட்டு படிப்படியாக விரைவு பெற்று உச்சத்தை அடைகிறது. தோலின் ஆழ்ந்த அதிர்வும் கண்ணாடியின் கூரிய ஒலியும் ஒருங்கே எழும் இவ்விசை எந்தப் பதிவுமுறையின் திறனையும் குறையையும் உடனே வெளிப்படுத்திவிடும்.

இசைத்தட்டில் ஒலியலையின் வடிவமே சுருள் பள்ளமாக வெட்டப்படுகிறது. அப்பள்ளத்தின் வழியே செல்லும் ஊசியின் அசைவு மின்னோட்டமாகி, மீண்டும் ஒலியாகிறது. ஆழ்ந்த ஒலிக்கு அகன்ற அசைவு தேவைப்படுவதால், அடுத்தடுத்த பள்ளங்கள் ஒன்றோடொன்று மோதாதிருக்கத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் தட்டு வெட்டப்படுகிறது. கேட்கும்போது கருவி அதை எதிர்மாறாகத் திருத்திக்கொள்கிறது. இதைவிட முக்கியமான வரம்பு வேறொன்று. 1948 இல் அறிமுகமான எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33 1/3 சுற்று என்ற மாறாத வேகத்தில் சுழல்கிறது. ஆகவே விளிம்பில் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம், மையத்தை நெருங்கும்போது பாதிக்கும் குறைந்துவிட, அங்கே கூரிய ஒலிகள் நெருக்கப்பட்டுச் சிதைகின்றன. நீண்ட மஞ்சா ஒன்று தட்டின் ஒரு பக்கத்தை நிறைக்குமாயின், அதன் உச்சம் தட்டின் திறன் மிகக் குறைந்த இடத்திலேயே வந்து விழும். அதற்கு முந்திய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்திலோ மூன்று, நான்கு நிமிடமே அடங்கியதால், பாட்டு சூடேறுமுன்பே ஊசி முடிவுக்கு வந்திருக்கும்.

டிஜிட்டல் முறை அலையைச் செதுக்குவதில்லை, அளக்கிறது. 1982 இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் நொடிக்கு 44,100 முறை ஒலியின் அளவு எண்ணாகக் குறிக்கப்படுகிறது. அளவுகளுக்கு இடையே உள்ள ஒலி தொலைந்துபோகும் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும் அது தவறு. ஓர் ஒலியின் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளந்தால் அந்த அலையை முழுமையாக மீட்டெடுக்க முடியும் என்பது நிறுவப்பட்ட கணிதம், மனிதச் செவி கேட்கும் எல்லையோ நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வே. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு டெசிபெல் என்ற அலகால் குறிக்கப்படுகிறது. குறுந்தட்டில் அது சுமார் 96, நல்ல எல்.பி. தட்டிலோ 70 அளவே.

ஆயினும் இசைத்தட்டே இனிமை என்போர் தம் செவியால் ஏமாற்றப்படுகிறார்கள் என்று சொல்வது நியாயமாகாது. 1990களிலிருந்து பல குறுந்தட்டுகள் உரத்து ஒலிக்கவேண்டும் என்பதற்காகவே மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் உள்ள வேறுபாடு நசுக்கப்பட்டு வெளியாயின, எம்.பி.3 போன்ற சுருக்குமுறைகள் கோப்பைச் சிறிதாக்க ஒலியின் ஒரு பகுதியையே நீக்கிவிடுகின்றன. அவற்றோடு ஒப்பிட்டால், பொறுப்பான பொறியாளர் வெட்டிய பழைய தட்டு மேலாகவே ஒலிக்கும். அங்கே தோற்பது டிஜிட்டல் முறையன்று, அதைக் கையாண்ட விதமே.

புத்தளம் மாவட்டக் கரையோர ஊரான உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களைப் பதிவதிலும் தட்டா டிஜிட்டலா என்ற இதே கேள்வி எழுகிறது. தட்டின் இயல்பான இரைச்சல் கடலலையின் இரைச்சலோடு கலந்துவிட்டால் எது கடல், எது தட்டு என்று பின்னர் பிரித்தறிவது கடினம். அமைதியான டிஜிட்டல் பதிவிலோ கடல் கடலாகவே கேட்கிறது.

இக்கரையின் வெப்பத்தில் தட்டு வளையும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்; உப்புக்காற்று கணினியையும் அரிக்கும். எனினும் டிஜிட்டல் பதிவின் நூறாவது படியும் முதற்படியும் ஒன்றே என்பதால், வேறு வேறு ஊர்களில் படிகளை வைத்து அதைக் காப்பாற்றலாம்.

ஆகவே வீட்டில் பழைய இசைத்தட்டு வைத்திருப்போர் அதைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் பேணட்டும். மஞ்சாவையும் அம்பாவையும் பதிவுசெய்ய முன்வரும் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் கைபேசிக் காணொளியோடு நின்றுவிடாமல், நல்ல ஒலிவாங்கிகளைக் கொண்டு, சுருக்கப்படாத கோப்பாக, பாட்டைத் தொடக்கம் முதல் உச்சம் வரை இடையில் நிறுத்தாமல் பதிவுசெய்ய வேண்டும். கிரியோல் மொழி பேசுவோர் அருகிவரும் நிலையில் அப்பணியை இப்போதே தொடங்க வேண்டும்.